மதிலுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 7, சனி

கேமராக் கம்பம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. இனிமேல் தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டில் கேமராவைக் கயிற்றால் கட்டிவிட்டு, உப்புக்காற்று வீசும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மாடி வீட்டு உயரம் இருக்கிறது கம்பம். உச்சியில் கேமராவை ஏற்றிவிட்டால் மைதானம் முழுவதும், நாலு மூலைக் கொடிகளோடு, ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

பயிற்சியாளர் இசக்கியப்பன் சார் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். புது சைக்கிள் வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும்.

“பெல்சியா, இனி ஒருத்தியும் நம்மள ஏமாத்த முடியாது. ஓடாம நின்னா அப்படியே தெரிஞ்சிரும்லா!”

என் வேலை அதுதான். எங்கள் கழகத்தில் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து ஆடுவதைப் படம்பிடித்து, பிறகு கணினியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, யார் யாருக்குப் பந்து கொடுத்தாள், எங்கே பறிகொடுத்தாள், எப்போது சோர்ந்தாள் என்று குறிக்க வேண்டும். செவ்வாய்தோறும் அவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். கல்லூரியில் நானும் ஆடியவள்தான். என் ஆட்டத்தை யாரும் படம்பிடித்ததில்லை.

வீட்டில் மாவு அரைக்கவில்லை. என் வீட்டுக்காரர் டெனிஸ்டன் அழைக்கவில்லை. கப்பல் இப்போது மலாக்கா பக்கம் இருக்கும். அங்கே சிக்னல் கிடைக்காது.

ஜூன் 14, சனி

புதிய கம்பத்திலிருந்து முதல் ஆட்டம். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம்.

சார் எங்கேயோ படித்துவிட்டு வந்து புதிதாக ஒரு கணக்குக் கேட்கிறார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பிச் சுற்றிலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்களா, எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று குறிக்க வேண்டுமாம். நல்ல ஆட்டக்காரிகள் ஓயாமல் பார்ப்பார்களாம். அந்தக் கட்டத்துக்கு ‘நோட்டம்’ என்று தலைப்பு வைத்தேன். சாருக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

நோட்டத்தில் முதலிடம் அக்சிலியாவுக்கு. வலது ஓரம் ஆடுகிறவள். பதினாலு வயது, சொல்லுக்குச் சொல் எண்ணிப் பேசுகிற பிள்ளை. அடுத்தவளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“பாருங்கட்டி! அக்சியப் பாத்துப் படிங்க. அவளுக்கு முதுகுலயும் கண்ணு” என்றார் சார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்சி தலையைக் குனிந்துகொண்டு ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

டெனிஸ்டன் அழைத்தார். சுருக்கமாகத்தான் பேசினார். சாப்பிட்டாயா, மழை உண்டா, கரண்ட் பில் கட்டியாச்சா. மாதா கோவில் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்றார். அவர் பேசும்போது பின்னால் குக்கர் விசில் கேட்டது. யாரோ இந்தி சீரியல் வைத்திருந்தார்கள். கப்பல் சமையற்காரர் இந்த முறை வடக்கத்தியர் போலிருக்கிறது.

ஜூன் 21, சனி

ஒரு கோலும் இல்லாத டிரா. வெயில்.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து, அயலை மீன் குழம்பு வைத்துவிட்டு, நேற்றைய ஆட்டத்தை ஓட்டினேன். ஒருத்திக்கே ஆக்கிய சோறு மூன்று வேளைக்கு வருகிறது.

அக்சியின் நோட்டத்தில் ஏதோ இடறியது. பந்து இடப்பக்க மூலையில் கிடக்கும்போதும் அவள் வலப்பக்கம் திரும்புகிறாள். அந்தப் பக்கம் எங்கள் ஆளும் இல்லை, எதிராளியும் இல்லை. சாலையோர மதிலும் அதிலிருக்கும் இரும்பு கேட்டும்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பாதிக்குமேல் அந்த கேட்டைப் பார்த்த பார்வைதான். அப்படிப் பார்த்த நேரத்தில்தான் இரண்டு தடவை பந்தைப் பறிகொடுத்திருக்கிறாள்.

நான் எண்ணியது நோட்டமே அல்ல.

ஜூன் 24, செவ்வாய்

பந்துகளுக்குக் காற்றடிக்கும்போது அக்சி உதவிக்கு வந்தாள். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

“கேட்டுல யாரத் தேடுத, அக்சி?”

“யாரையும் இல்லக்கா.”

அடுத்த பந்தை எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். ஊசியைச் செருகினாள்.

“அம்மா ஒருநா மேட்ச் பாக்க வாரேன்னு சொல்லியிருந்தா. அப்ப நான் ஏழாவது. எந்த மேட்சுன்னு சொல்லல.”

அவளுடைய அம்மா மெட்டில்டா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. இதே ஊரில்தான், ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஒரு மெக்கானிக்கோடு இருக்கிறாள். கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். அக்சியைச் சேர்க்க வந்த அன்றே அவள் அப்பா நசரேன் அண்ணன், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், சாரிடம் சொல்லியிருக்கிறார்: “அவ அம்மா இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வந்தா, அன்னைக்கோட எம்மவ ஆட்டம் முடிஞ்சது.” வாட்ச்மேனுக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குக் காட்டும் படத்தில் மைதானக் கோட்டோடு சட்டத்தை வெட்டிவிடுவது வழக்கம். வெளியே ஓடுகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சார் வெட்டச் சொன்னார். இன்று நேற்றைய ஆட்டத்தை வெட்டுவதற்கு முன்னால் மேல் ஓரத்தைப் பெரிதாக்கினேன். கம்பம் உயரம் என்பதால் மதிலைத் தாண்டிச் சாலை தெரிகிறது. கேட்டிலிருந்து தள்ளி, உடைமரத்தடியில், நீல ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெண். ஆட்டம் தொடங்குமுன் வருகிறாள். விசில் ஊதி முடிந்தபின் போகிறாள். இடையில் உட்காரவே இல்லை.

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கம்பம் வந்ததிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் நிற்கிறாள்.

மதில் ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே ஓடுகிறவளுக்கு வெளியே தெரியாது, வெளியே நிற்கிறவளுக்கு உள்ளே தெரியாது. கேமராவுக்கு மட்டும் தாயும் மகளும் தெரிகிறார்கள்.

ஜூலை 2, புதன்

மார்க்கெட்டில் ஹெர்மினாக்காவைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரரும் டெனிஸ்டனும் ஒரே கப்பலில் ஏறியவர்கள். இப்போது அந்த வீட்டுக்காரரே அவளோடு நின்று சீலா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கடைப் பக்கம் போய்விட்டார்.

“கப்பலயே வித்துட்டானுவளாம்லா, ஏப்ரல்ல எல்லாரையும் எறக்கிவிட்டுட்டானுவ. ஒனக்கு டெனிஸ்டன் சொல்லலியா?” என்றாள்.

சொன்னார் என்றேன். வேறு கப்பலில் ஏற்றியிருப்பார்கள். அவர் சொல்ல மறந்திருப்பார்.

சீலா மீன் விலை கட்டுப்படியாகவில்லை. நெத்திலி வாங்கி வந்தேன்.

ஜூலை 5, சனி

இடைவேளையில் கேமராவை அது பாட்டுக்கு ஓடவிட்டுவிட்டு வெளியே போனேன். உடைமரத்தடிக்கு நான் நடப்பதைப் பார்த்ததும் அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

“போயிராதீங்க. நான் ஒண்ணும் சொல்லுததுக்கு வரல” என்றேன்.

“மேடம், நான் உள்ள வரலயே. ரோட்டுலதான நிக்கேன்.”

“தெரியும். இங்க நின்னா ஒண்ணும் தெரியாதே, அதான் கேக்க வந்தேன்.”

மெட்டில்டா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். இறால் கம்பெனியில் வேலை. விரல் நுனிகள் ஐஸில் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“சத்தம் கேக்கும்லா. ‘அக்சி, அக்சி’ன்னு கூப்பிடுவாளுவ. அந்தச் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கேட்டுக்கிட்டே, நானும் இங்கன இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பேன். அவகூட நடக்கத மாதிரி.”

படத்தில் அவள் நடப்பதைப் பார்த்திருந்தேன். வெயில் தாங்காமல் நடக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“அவகிட்ட சொல்லிராதீங்க மேடம். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா ஆட விடமாட்டாரு. சொன்னாச் செய்யுத ஆளு. நான் செஞ்சதுக்கு அவ ஆட்டம் எதுக்குப் போவணும்?”

உள்ளே விசில் ஊதினார்கள். புதன் மதியம் கழகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், பின்வாசல் அறைக்கு வந்தால் முழு ஆட்டத்தையும் போட்டுக் காட்டுகிறேன், மைதானத்தில் காலே வைக்க வேண்டாம் என்றேன். அவள் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

வந்தாள். கம்பெனிச் சீருடையோடு, மீன் வாடைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

அக்சியின் சிறந்த நகர்வுகளை மட்டும் தொகுத்து வைத்திருந்தேன். ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது, இரண்டு பேரைக் கடந்து உள்ளே திருப்பி அடித்தது, எல்லாம். மெட்டில்டா பார்த்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியது அது இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

“தலமுடிய வெட்டிட்டாளா? யாரு வெட்டிவிட்டா?”

“மே மாசம் எல்லாரும் சேந்து வெட்டிக்கிட்டாளுவ.”

“தண்ணி குடிப்பாங்கல்லா, அது இருக்கா?”

நான் எதையெல்லாமோ குறித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கும் நேரத்தைக் குறித்ததில்லை. அங்கே ஆட்டம் இல்லை என்று தாவிவிடுவேன். தேடிப் போட்டேன். அக்சி குப்பியைச் சாய்த்துக் குடிக்கிறாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறாள், பக்கத்தில் நிற்பவளை ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கிறாள். மெட்டில்டா அதை மூன்று தடவை போடச் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: “இவ ஏன் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பாக்குதா?”

“அது ஆட்டத்துல நல்ல பழக்கம்.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அங்கன கேட்டுல்லா இருக்கு” என்றாள் கடைசியில்.

நான் மின்விசிறியை ஒரு எண் கூட்டினேன். அவள் அழுது முடிக்கட்டும் என்று தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலியைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

பத்தொன்பதாம் தேதி ஆட்டத்துக்கு மாநில முகாம் தேர்வாளர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்களோடு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அக்சியின் நோட்டக் கணக்கு தப்பு என்று சாரிடம் சொல்லிவிட்டேன். கேட்டைப் பார்ப்பதைச் சொன்னேன். மதிலுக்கு வெளியே இருப்பதைச் சொல்லவில்லை.

சார் மண்டையைச் சொறிந்தார். “அவிய வந்து எங்க பாக்கான்னா கேக்கப் போறாவ? எண்ணத்தான பாப்பாவ. நல்ல பிள்ளம்மா அது. இப்படியே போட்டும்.”

“முகாம்ல கேட் இருக்காதுல்லா சார். அங்க போயி எண்ணு கொறஞ்சா பிள்ளையத்தான சொல்லுவாவ?”

அவர் அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். எண்ணைத் திருத்தினேன்.

ஜூலை 15, செவ்வாய்

படம் போட்டுக் காட்டும் நாள். எல்லாரும் போனபிறகு அக்சி தண்ணீர்க் குப்பியை எடுக்க அறைக்குத் திரும்பி வந்தாள். திரையில் முழுச் சட்டமும் இருந்தது. வெட்ட மறந்துவிட்டேன். வேலை மும்முரத்தில் இப்படி ஆகிவிடுகிறது.

அவள் கிட்டே வந்தாள். திரையின் மேல் மூலையைப் பார்த்தாள்.

“அக்கா, இது எங்கம்மா.”

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

“என்னைக்கு எடுத்தது?”

முந்தின வாரத்துப் படத்தைத் திறந்தேன். அதற்கு முந்தினதையும் திறந்தேன். அவளே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். உடைமரம், நீல ஸ்கூட்டர், நடமாட்டம். நெடுநேரம் நின்றாள். பிறகு குப்பியை எடுத்துக்கொண்டு, “அப்பாட்ட சொல்லாதிய” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாவும் மகளும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

ஜூலை 19, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

தேர்வாளர்கள் இரண்டு பேர் நிழல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நசரேன் அண்ணன் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கோட்டோரம் நின்றார். அக்சி ஒரு தடவைகூட கேட் பக்கம் திரும்பவில்லை. பந்தை வாங்கினாள், கொடுத்தாள், ஓடினாள். தலை முழுக்க ஆட்டத்துக்குள் இருந்தது. அவள் கொடுத்த பந்தில்தான் முதல் கோல் விழுந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

இரண்டாம் பாதியில், மதிலோரம், பக்கத்தில் எதிராளி ஒருத்தியும் இல்லாத இடத்தில் அவளுக்குப் பந்து வந்தது. நிறுத்தினாள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பந்துக்கு அடியில் காலைக் கொடுத்து உயரத் தூக்கி, மதிலுக்கு வெளியே அடித்தாள். உடைமரம் இருக்கிற நேருக்கு.

“ஏட்டி! கண்ணு தெரியலயா?” என்று சார் கத்தினார். தேர்வாளர் ஒருவர் தாளில் ஏதோ எழுதினார். நடுவர் வேறு பந்து கேட்டுக் கை நீட்டினார். அக்சி அசையவில்லை.

பந்து திரும்பி வந்தது. முதல் தடவை மதில் விளிம்பில் பட்டு வெளியேயே விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை தாண்டி வந்தது. யாரோ கையால், இரண்டு கையாலும், முழு பலத்தோடு எறிந்திருக்கிறார்கள். அக்சி ஓடிப்போய் எடுத்தாள். வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பந்தைக் கோட்டிலிருந்து உள்ளே எறிய வேண்டியது எதிரணிப் பெண். அவள் கை நீட்டிக்கொண்டு நிற்க, இவள் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள்.

நசரேன் அண்ணன் கேட்டுக்கு நடந்துபோனார். தலையை வெளியே நீட்டிச் சாலையைப் பார்த்தார். அவர் வெளியே போகவில்லை. திரும்பி வந்து, முன்பு நின்ற இடத்தில் வந்து நின்று, கடைசி வரை ஆட்டத்தைப் பார்த்தார்.

ஜூலை 21, திங்கள்

நசரேன் அண்ணன் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்.

“அந்தப் படத்தப் போடுங்க.”

போட்டேன். பந்து வெளியே போவதையும் மதிலுக்கு அப்பால் அவள் ஓடிப்போய் எடுப்பதையும் பார்த்தார். முதல் எறி தவறியபோது அவர் உதட்டோரம் என்னவோ ஆனது.

“எத்தன நாளா நிக்கா?”

“எனக்குத் தெரிஞ்சு இந்தக் கம்பம் வந்ததுல இருந்து. முன்னாடியும் வந்திருப்பாங்க அண்ணே.”

“உள்ள வந்தாளா?”

“மைதானத்துக்குள்ள ஒருநாளும் வரல. ஒரு புதன்கெழம மட்டும் இந்த ரூமுக்கு நான்தான் கூப்பிட்டேன். படம் பாத்துட்டுப் போனாங்க. தப்புன்னா என்னைச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

“வெயில்லயா நிக்கா” என்றார். கேள்வியா, தனக்குச் சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வார சனிக்கெழம எனக்கு லோடு இருக்கு. மேட்சுக்கு வரமாட்டேன். வாட்ச்மேன்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

வருகிற சனி மாதா கோவில் கொடியேற்றம். கொடியேற்ற நாளில் நசரேன் அண்ணன் வண்டி எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 26, சனி

மெட்டில்டா உள்ளே வந்தாள். சாம்பல் நிறச் சேலை. கேட்டைத் தாண்டும்போது படி ஏறுகிறவள் மாதிரி காலைத் தூக்கி வைத்தாள். என் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்ததும் அக்சி நடந்து வந்தாள், ஓடி வரவில்லை. வியர்வையோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“லேட்டா வந்திருக்க” என்றாள்.

“ஆமாட்டி” என்றாள் மெட்டில்டா.

அதற்குமேல் நான் கேட்கக் கூடாது என்று கம்பத்தை இறக்கப் போய்விட்டேன். தோற்றுவிட்டோம்.

ஜூலை 31, வியாழன்

முகாம் பட்டியல் வந்தது. அக்சி கடைசிப் பெயர், மாற்று ஆட்டக்காரியாக. பந்தை வெளியே அடித்ததைத் தேர்வாளர்கள் மறக்கவில்லை போலிருக்கிறது. சார் ஒரு நாள் முழுக்கக் குமுறினார். அக்சிக்கு வருத்தமாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

டெனிஸ்டன் அழைத்தார். நாளை திருவிழா. வர முடியவில்லை, கடல் மோசமாக இருக்கிறது என்றார்.

அடுப்பில் பால் இருந்தது. அணைத்தேன்.

“கரையில எங்க இருக்கிய?” என்றேன்.

“யாரு சொன்னா?” என்றார்.

யார் சொன்னார்கள் என்றுதான் கேட்டார். இல்லை என்று சொல்லவில்லை. நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. “பம்பாய்ல” என்றார் கடைசியில். யாரோடு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழாக் கூட்டத்தில் ஹெர்மினாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஆண்கள் எல்லாரும் புதுச்சட்டையில் இருந்தார்கள். உயரமான ஆளாகத் தெரிந்தால் முகத்தைப் பார்த்தேன். அவர் வரமாட்டார் என்று தெரிந்துகொண்டேதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்சியை முகாமுக்கு ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். நசரேன் அண்ணன் பெட்டியைத் தூக்கி வைத்தார். மெட்டில்டா நடைமேடையில் தூரத்தில் தூணோடு நின்றாள். அக்சி வாசலில் நின்று இரண்டு பக்கமும் கையாட்டினாள்.

ரயில் போனபிறகு நசரேன் அண்ணன் அந்தத் தூண் பக்கம் பார்த்து, “வண்டியிலயா வந்த?” என்று கேட்டார். “ஆமா” என்றாள் அவள். அவ்வளவுதான். அவர் ஒரு வழியாகவும் அவள் ஒரு வழியாகவும் போனார்கள்.

நான் மட்டும் விசாரணை ஜன்னலில் போய் நின்றேன். பம்பாய்க்கு எப்படிப் போவது என்று கேட்டேன். மதுரையில் மாறினால் வசதி என்றார் உள்ளே இருந்தவர்.

“எந்தத் தேதிக்குப் பாக்கட்டும்மா?”

எனக்குப் பின்னால் ஆள் நின்றார். அவருக்கு வழிவிட்டு, ஜன்னலோரமாகவே விலகி நின்றேன்.